மூலத்தை நேரில் பார்க்கக் கிளம்பிய நீதிபதி: வில்லியம் ஜோன்ஸின் சட்டம், செடி, மொழி

மனுஸ்மிருதி, ஆரியர் வருகை, மதவாரிக் குடும்பச் சட்டங்கள். இவற்றில் எது செய்தியில் அடிபட்டாலும், வாதம் சூடேறியதும் ஓர் ஆங்கிலேய நீதிபதியின் பெயர் வந்து விழும்: சர் வில்லியம் ஜோன்ஸ். ஒரு தரப்புக்கு அவர் சமஸ்கிருதத்தின் பெருமையை ஐரோப்பாவுக்குச் சொன்னவர். மறுதரப்புக்கு மனுவை நம் தலையில் கட்டியவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அவர் உண்மையில் செய்தது என்ன, எந்த முறையில் செய்தார், அந்த முறை எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது என்று பிரித்துப் பார்த்தால்தான் இன்றைய குழப்பம் தெளியும்.

முறை எளிமையானது. இடைத்தரகரை நம்பாதே, மூலத்துக்கே போ. மொழியிலும் சட்டத்திலும் தாவரவியலிலும் அவர் இதையேதான் செய்தார். விளைவுகள் மட்டும் துறைக்குத் துறை வேறுபட்டன.

ஆள் யார்?

1746 செப்டம்பர் 28 அன்று லண்டனில் பிறந்தவர். தந்தையின் பெயரும் வில்லியம் ஜோன்ஸ்தான். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த கணித ஆசிரியர். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை 'பை' என்ற கிரேக்க எழுத்தால் 1706-இல் முதலில் குறித்தவர். மகனுக்கு மூன்று வயது நிரம்பும் முன்பே அவர் இறந்துவிட்டார்.

ஹாரோ பள்ளி, பிறகு ஆக்ஸ்போர்டு. படிப்புச் செலவுக்காக ஸ்பென்சர் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டு ஆசிரியர் வேலை. டென்மார்க் அரசர் கேட்டுக்கொண்டதால், பாரசீக மன்னர் நாதிர் ஷாவைப் பற்றிப் பாரசீக மொழியில் இருந்த வரலாற்றை 1770-இல் பிரெஞ்சில் தந்தார். மறுவருடமே பாரசீக இலக்கணம் வந்தது. புகழ் கிடைத்தது, வருமானம் கிடைக்கவில்லை. அதனால்தான் 1770-இல் சட்டம் படிக்கச் சேர்ந்து 1774-இல் வழக்கறிஞரானார்.

அவர் 28 மொழிகள் அறிந்தவர் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அந்தக் கணக்கு அவர் தாமே எழுதி வைத்த குறிப்பிலிருந்து வருவது. அதில் அவர் மூன்று தரம் பிரித்திருக்கிறார்: ஆழ்ந்து கற்றவை 8, அகராதி துணையோடு படிக்கக்கூடியவை 8, கொஞ்சம் தொட்டுப் பார்த்தவை 12. முதல் எட்டில் சமஸ்கிருதம், பாரசீகம், அரபு உண்டு. தந்தை வழி மொழியான வெல்ஷ் கடைசிப் பன்னிரண்டில் இருக்கிறது. தமிழோ, தென்னாட்டின் வேறெந்த மொழியோ 28-இலும் கிடையாது. அவர் வரைந்த இந்தியச் சித்திரம் ஏன் வடக்குப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு இந்தப் பட்டியலே ஒரு காரணம்.

கப்பல் ஏறுமுன் செய்த இரண்டு சட்ட வேலைகள்

1. பொருள் ஒப்படைப்புச் சட்டம் (1781). தையற்காரரிடம் கொடுத்த துணி, நண்பரிடம் விட்டுச்சென்ற நகை, இரவல் வாங்கிய வண்டி: ஒருவர் பொருள் இன்னொருவர் கையில் இருக்கும்போது கெட்டுப்போனால் யார் பொறுப்பு? ஜோன்ஸ் இதை 'லாபம் யாருக்கு?' என்ற ஒரே கேள்வியால் மூன்றாகப் பிரித்தார். கொடுத்தவருக்கு மட்டும் லாபமென்றால், வைத்திருந்தவர் மிகப் பெரிய அலட்சியம் காட்டியிருந்தால்தான் பொறுப்பு. வாங்கியவருக்கு மட்டும் லாபமென்றால் சிறு அலட்சியமும் குற்றம். இருவருக்கும் லாபமென்றால் சாதாரணக் கவனம் போதும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நீண்ட காலம் புழங்கிய பிரிவு இது. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) இதை ஏற்கவில்லை. அதன் 151-ஆம் பிரிவு எல்லா ஒப்படைப்புக்கும் ஒரே அளவுகோலை வைக்கிறது: சாதாரண விவேகமுள்ளவர் தன் பொருளுக்குக் காட்டும் கவனம். இந்தியாவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சட்ட அறிஞரின் சொந்தச் சட்டநூல் இந்தியாவில் செல்லுபடியாகாமல் போனது வேடிக்கைதான்.

2. ஒரு சிறு அரசியல் உரையாடல் (1782). ஓர் அறிஞரும் ஒரு விவசாயியும் அரசாட்சி பற்றிப் பேசுவதாக அவர் எழுதிய துண்டுப் பிரசுரத்தை, பின்னாளில் அவருடைய மைத்துனரான ஒரு பாதிரியார் வெளியிட்டார். ராஜதுரோக வழக்கு பாய்ந்தது. அன்றைய நடைமுறையில், 'வெளியிட்டாரா இல்லையா' என்பதை மட்டுமே ஜூரி சொல்லலாம். எழுத்து குற்றமா என்பதை நீதிபதிதான் சொல்வார். இந்த வழக்கில் எழுந்த வாதம் பெருகி, 1792-இல் பாக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த அவதூறுச் சட்டத்தில் முடிந்தது. முழுத் தீர்ப்பும் ஜூரி கைக்கு வந்தது.

அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு எதிரான போரை வெளிப்படையாக எதிர்த்ததாலும், பெஞ்சமின் பிராங்க்ளினின் நண்பராக இருந்ததாலும் கல்கத்தா நீதிபதி பதவி அவருக்குத் தள்ளிக்கொண்டே போனது. 1783-இல் ஒருவழியாகக் கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 6,000 பவுன். திருமணம் முடித்த கையோடு 'குரோக்கடைல்' என்ற போர்க்கப்பலில் மனைவி அன்னா மரியாவுடன் கிளம்பினார். நடுக்கடலில், ஆசியாவில் ஆராய வேண்டியவை என்று 16 தலைப்புகளை எழுதி வைத்தார். அவற்றில் இந்து, முஸ்லிம் சட்டங்கள் உண்டு. மருத்துவமும் இசையும் உண்டு. செப்டம்பரில் கல்கத்தா வந்திறங்கினார். 1784 ஜனவரி 15-இல் ஆசியாவை ஆராய்வதற்கான சங்கம், ஆசியாட்டிக் சொசைட்டி, தொடங்கியாயிற்று. அதில் இந்தியர்கள் உறுப்பினராவதற்கு 1829 வரை ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீதிமன்றத்தில் அவர் கண்ட சிக்கல்

1772-இல் வங்காள கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒரு விதி செய்தார். வாரிசுரிமை, திருமணம், சாதி, சமய வழக்கங்கள் தொடர்பான வழக்குகளில் முஸ்லிம்களுக்குக் குர்ஆன் சட்டம், இந்துக்களுக்குச் சாஸ்திரச் சட்டம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறை எப்படி இருந்தது?

1. ஆங்கிலேய நீதிபதிக்குச் சமஸ்கிருதம் தெரியாது. நீதிமன்றப் பண்டிதரிடம் கேள்வி போகும்.
2. பண்டிதர் நூல்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்.
3. அது மொழிபெயர்ப்பாகி நீதிபதிக்கு வரும்.
4. அதன்படி தீர்ப்பு.

ஒரே கேள்விக்கு இரு பண்டிதர்கள் இரு பதில் சொன்னால் எது சரி என்று பார்க்க வழியில்லை. இதைச் சரிசெய்ய 11 பண்டிதர்களைக் கொண்டு ஒரு தொகுப்பு தயாராகி 1776-இல் ஆங்கிலத்தில் வந்தது. ஆனால் அது சமஸ்கிருதத்திலிருந்து பாரசீகத்துக்கும், பாரசீகத்திலிருந்து ஆங்கிலத்துக்கும் போனது. இரு மொழி தாண்டி வந்ததில் மூலத்தின் நுட்பம் கழன்றுபோயிற்று என்பது ஜோன்ஸின் புகார்.

பண்டிதர்கள் தங்கள் விருப்பத்துக்குச் சட்டம் சொல்கிறார்களோ என்ற சந்தேகம் அவருக்கு வலுத்தது. 1785-இல் வங்காளத்தின் நாதியா மாவட்டத்துக்குப் போய்ச் சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். பிராமணப் பண்டிதர்கள் மறுக்க, ராம்லோசன் என்ற வைத்தியச் சாதி அறிஞர் கற்றுக்கொடுத்தார். அவர் சமஸ்கிருதத்துக்குப் போனது காவியம் படிக்க அல்ல. பண்டிதர் சொல்வது சரியா என்று சோதிக்க. காளிதாசனின் நாடகமான சாகுந்தலம் (ஆங்கிலத்தில் 1789) அந்தப் பாதையில் கிடைத்த உபரி. அது இரண்டே ஆண்டுகளில் ஜெர்மனுக்குப் போய், அங்கே கவிஞர் கெத்தேயையே கிறங்கடித்தது. 1792-இல் கல்கத்தாவில் ருதுசம்ஹாரம் என்ற காவியத்தை அச்சிட்டார். அச்சேறிய முதல் சமஸ்கிருத நூல் என்று அதைச் சொல்வார்கள். எழுத்து வங்க எழுத்து.

மொழியில் பலித்தது

1786 பிப்ரவரி 2-ஆம் தேதி சொசைட்டியில் ஆற்றிய உரையில், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் வினைச்சொல் வேர்களிலும் இலக்கண வடிவங்களிலும் தற்செயல் என்று தள்ள முடியாத அளவுக்கு ஒத்திருக்கின்றன, ஒருவேளை இன்று இல்லாது போயிருக்கக்கூடிய ஒரு பொது மூலத்திலிருந்து இவை கிளைத்திருக்க வேண்டும் என்றார். இங்கே மூன்று விஷயங்களை வேறுபடுத்த வேண்டும்.

1. அவர் சமஸ்கிருதத்தைத் தாய் என்று சொல்லவில்லை. மூன்றுக்கும் தாய் வேறு, அது மறைந்திருக்கலாம் என்றார்.
2. 'ஆரிய இனம்' என்ற பிற்காலக் கோட்பாடு அவருடையதல்ல. அவர் மனித குலத்தைப் பைபிளின் நோவா பிள்ளைகள் வழியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். எகிப்தியரையும் சீனரையும் ஜப்பானியரையும் இந்தியரோடு சேர்த்தார். அவை தவறுகள்.
3. ஒற்றுமையை முதலில் கண்டவரும் அவரல்ல. புதுச்சேரியிலிருந்த யேசுசபைப் பாதிரியார் கேர்டூ, சமஸ்கிருத–லத்தீன் ஒப்புமைகளை 1767-லேயே பாரிசுக்கு எழுதி அனுப்பிவிட்டார். அது அச்சானது 1808-இல். ஜோன்ஸிடம் ஒரு சங்கமும் அச்சகமும் இருந்தன. பாதிரியாரிடம் தபால் மட்டும்தான் இருந்தது.

ஒப்பீட்டு மொழியியலுக்குப் பழைய வடிவமே நல்ல சாட்சி. எவ்வளவு பழையதோ அவ்வளவு தேய்மானம் குறைவு. அதனால் 'மூலத்துக்குப் போ' என்ற விதி இங்கே கச்சிதமாகப் பொருந்தியது. முப்பது ஆண்டு கழித்து, 1816-இல், சென்னைக் கலெக்டர் எல்லிஸ் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்களை வரிசையாக வைத்து, இவை சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்று காட்டினார். கல்கத்தா மூலத்தைப் பார்த்தது. சென்னை, கல்கத்தா பார்க்காத இன்னொரு மூலத்தைப் பார்த்தது.

வரலாற்றிலும் அதே கதை. கிரேக்கர்கள் குறித்த 'சாண்ட்ரகோட்டஸ்' சந்திரகுப்த மௌரியரே என்று 1793-இல் அவர் சொன்னதுதான் இந்தியப் பழங்கால வரலாற்றுக்குக் கிடைத்த முதல் உறுதியான ஆண்டுக் கணக்கு. தலைநகரான பாலிபோத்ரா, கங்கையும் 'எரன்னபோவஸ்' என்ற ஆறும் கூடுமிடத்தில் இருந்தது என்பது கிரேக்கக் குறிப்பு. பாலிபோத்ரா என்பது பாடலிபுத்திரம், அதாவது இன்றைய பாட்னா, என்றால், அதன் அருகே பழைய நாளில் கூடியது சோன் ஆறு. பெயர் இடித்தது. சோனுக்கு 'ஹிரண்யபாகு' என்ற மறுபெயர் இருப்பதைச் சமஸ்கிருத நூலொன்றில் கண்டதும் முடிச்சு அவிழ்ந்தது.

செடியில் பாதி பலித்தது

விலங்கியல் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு குற்றமற்ற பறவையைக் கொன்று ஆராய இயற்கையாளருக்கு என்ன உரிமை என்று வெளிப்படையாகவே கேட்டவர். வீட்டில் வளர்த்த ஒரு தேவாங்கைப் பற்றி அன்போடு ஒரு கட்டுரை எழுதியதோடு சரி. (நம் பக்கத்து மெலிந்த தேவாங்கு அல்ல, கிழக்கே காணப்படும் மந்தத் தேவாங்கு.) தாவரவியலில் இறங்கினார். கண் பலவீனம், பல செடிகளை மனைவி வரைந்துகொடுத்தார். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் முறைப்படி மகரந்தத் தாள்களை எண்ணி வகைப்படுத்தி, கூடவே சமஸ்கிருதப் பெயரையும் எழுதினார். எழுபதுக்கும் மேற்பட்ட செடிகளின் வருணனை அவர் இறந்தபின் அச்சில் வந்தது.

இந்தியச் செடிக்கு இந்தியப் பெயரே இருக்க வேண்டும், ஐரோப்பியரின் பெயரைச் சூட்டக்கூடாது என்பது அவர் கொள்கை. தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் அதைக் கேட்காமல் அசோக மரத்துக்கு 'ஜோனேசியா அசோகா' என்று அவர் பெயரையே வைத்தார். பேரினப் பெயருக்கு லின்னேயஸ் முன்பே வைத்திருந்த 'சரக்கா' முன்னுரிமை பெற, இன்று அது 'சரக்கா அசோகா'. ஜோன்ஸ் போனார், அசோகு நின்றது. அவர் விரும்பியதும் அதுதான். (தெருவோரம் ஈட்டிபோல நிற்கும் நெட்டிலிங்கத்தை அசோகமரம் என்று விற்பது வேறு கூத்து. அதன் பட்டை அசோகப் பட்டையில் கலப்படமாவதும் உண்டு.)

சறுக்கியது ஜடாமான்சியில். சித்த மருந்துக் கடையில் சடாமாஞ்சில் என்பார்கள். பைபிளும் ரோமானியரும் சொல்லும் 'நார்டு' என்ற வாசனைத் தைலம் எந்தச் செடியிலிருந்து வந்தது என்று ஐரோப்பாவில் சண்டை. ஒருவகைப் புல் என்றார் ஒரு மருத்துவர். ஜோன்ஸ் செய்தது இது:

1. அரபு மருத்துவ நூல்களில் நார்டுக்கு இணையான பெயரைத் தேடி, 'சும்புல்' என்பதைப் பிடித்தார்.
2. இந்திய வைத்தியர்களிடம் கேட்டபோது இந்தியச் சும்புல் என்பது ஜடாமான்சிதான் என்றார்கள்.
3. கடையில் காய்ந்த வேரை வாங்கிப் பார்த்தார். மயிர் அடர்ந்த, வால் போன்ற வேர். பழைய வருணனையோடு பொருந்தியது.
4. உயிர்ச் செடி வேண்டுமென்று பூட்டானுக்குச் சொல்லி அனுப்பினார். வந்த செடியைப் பார்த்து 'வலேரியானா ஜடாமான்சி' என்று 1790-இல் பெயரிட்டார்.

முதல் மூன்று படியும் சரி. நான்காவதில் வந்தது வேறு செடி: நெருங்கிய உறவுள்ள, இமயத்தில் தாழ்வான உயரங்களில் வளரும், இந்தியில் 'தகர்' எனப்படும் வேர். உண்மையான ஜடாமான்சி சுமார் 3,000 மீட்டருக்கு மேல் வளர்வது. அந்தச் செடிக்குப் பின்னாளில் 'நார்டோஸ்டாக்கிஸ் ஜடாமான்சி' என்று பெயர் வந்தது. தாவரப் பெயர் விதிப்படி, பெயர் எந்தச் செடியைப் பார்த்து வைக்கப்பட்டதோ அதோடுதான் ஒட்டியிருக்கும்; நோக்கம் என்னவாக இருந்தது என்பது கணக்கில் வராது. எனவே இன்றும் ஜடாமான்சி என்ற பெயர் தாங்கிய இரு செடிகள் இருக்கின்றன.

இது ஏட்டுச் சிக்கல் மட்டுமல்ல. நார்டோஸ்டாக்கிஸ் அழிவின் விளிம்பில் இருப்பது. நாடு விட்டு நாடு அனுப்ப 1997 முதல் சர்வதேச ஒப்பந்தப்படி அனுமதிச் சீட்டு வேண்டும். வலேரியானாவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மூட்டையின் மேல் வெறுமனே 'ஜடாமான்சி' என்று எழுதினால் எது என்று தெரியாது. பேரினப் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். வேரின் மேல் பழைய இலைக்காம்புகளின் பழுப்பு நார்க்கட்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சட்டத்தில் நடந்தது

1788-இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸுக்கு ஜோன்ஸ் ஒரு திட்டம் அனுப்பினார். ரோமச் சட்டத்தைப் பேரரசர் ஜஸ்டினியன் தொகுத்ததுபோல இந்துச் சட்டத்தைத் தொகுத்துவிட்டால், பண்டிதர் சொல்வதை நீதிபதியே சரிபார்க்கலாம். முதுபெரும் பண்டிதர் ஜகந்நாத தர்க்கபஞ்சானனர் தலைமையில் வேலை தொடங்கியது. இஸ்லாமிய வாரிசுரிமை நூலான சிராஜிய்யாவை 1792-இல் ஆங்கிலத்தில் தந்தார். 1794-இல் மனு வந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 27-இல், 47 வயதில், கல்லீரல் வீக்கத்தால் இறந்தார். தொகுப்பைக் கோல்புரூக் என்ற கம்பெனி அதிகாரி மொழிபெயர்த்து முடித்தார். ஆனால் அதில் எதிரெதிர்க் கருத்துகள் வரிசையாக இருந்தன, முடிவு இல்லை. பண்டித மரபுக்கு அது இயல்பு. தீர்ப்பெழுத வேண்டியவருக்குத் தலைவலி. பிறகு கோல்புரூக் 1810-இல் தாயபாகம் (வங்காளம்), மிதாட்சரம் (மற்ற பகுதிகள்) என்ற இரு நூல்களின் வாரிசுரிமைப் பகுதிகளைத் தந்தார். நீதிமன்றங்கள் அவற்றையே பிடித்துக்கொண்டன. பண்டிதர் பதவி 1864-இல் ஒழிந்தது.

தவறு எங்கே? மொழிக்குப் பழைய வடிவம் சாட்சி. சட்டத்துக்கு அப்படியல்ல. ஊரார் எதன்படி சொத்தைப் பிரிக்கிறார்கள், யாரை மணக்கிறார்கள் என்பதே அங்கே சாட்சி. மனுவின் 12 அத்தியாயங்களில் வழக்குகளுக்கு நேரடியாக உதவுவன பெரும்பாலும் 8-உம் 9-உம்தான். அதையும் வங்காளத்துக் குல்லூகரின் உரைவழியே ஜோன்ஸ் படித்தார். பண்டிதர் செய்துவந்த வேலை, நூலையும் ஊர் வழக்கத்தையும் ஒட்டவைப்பது. அவரை விலக்கியதும் நூல் மட்டும் மிஞ்சியது. ஜோன்ஸ் மனுவைக் கண்டுபிடித்துத் திணிக்கவில்லை. சாஸ்திரச் சட்டம் என்ற ஹேஸ்டிங்ஸ் விதி அவர் வருவதற்கு 11 ஆண்டு முன்பே இருந்தது. ஆனால் நூலே சட்டம் என்ற எண்ணத்துக்குப் பெரும் வலு சேர்த்தவர் அவர்தான்.

தெற்கில் இது உடனே உரசியது. சாஸ்திரத்தையே அறியாத மக்கள்மேல் சமஸ்கிருதச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் சுமத்துகிறது என்று நெல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1877-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு முன்பே, 1868-இல், ராமநாதபுரம் ஜமீன் வழக்கு லண்டனிலிருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான ப்ரிவி கவுன்சிலுக்குப் போயிருந்தது. கணவர் அனுமதி தராமல் இறந்த நிலையில், ராணி உறவினர் சம்மதத்தோடு செய்த தத்து செல்லுமா? மதுரைக் கலெக்டர் செல்லாது என்றார். கவுன்சில் செல்லும் என்றது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், எழுதப்பட்ட சட்டநூலைவிட மேலானது என்ற விதி அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது.

இன்று எங்கே தொடுகிறது?

மாமன் மகளை மணப்பதற்கு ஜோன்ஸ் மொழிபெயர்த்த மனு (11-ஆம் அத்தியாயம்) பிராயச்சித்தம் விதிக்கிறது. தமிழ்நாட்டில் அது உரிமை. 1955 இந்து திருமணச் சட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது:

1. அக்காள் மகள்–தாய்மாமன், அண்ணனின் பிள்ளை–தங்கையின் பிள்ளை (மாமன் மகள், அத்தை மகன்) ஆகிய உறவுகள் தடைசெய்யப்பட்ட பட்டியலில் உள்ளன.
2. ஆனால் வழக்கம் அனுமதித்தால் திருமணம் செல்லும் (5-ஆம் பிரிவு). மணமகன், மணமகள் இருவர் தரப்பு வழக்கமும் அனுமதிக்க வேண்டும்.
3. வழக்கம் என்றால் நெடுங்காலமாக, இடையறாமல், ஒரே மாதிரி பின்பற்றப்பட்டதாக இருக்க வேண்டும். நியாயமற்றதாகவோ பொதுநலனுக்கு எதிரானதாகவோ இருக்கக்கூடாது.
4. இருக்கிறது என்று சொல்பவரே நிரூபிக்க வேண்டும். மூத்தோர் சாட்சியம், அதே குடும்பத்தில் அல்லது சாதியில் நடந்த முந்தைய திருமணங்கள், பழைய தீர்ப்புகள் ஆகியவையே ஆதாரம்.
5. நிரூபிக்க முடியாவிட்டால் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஒரு மாதம் வரை வெறுங்காவல் (கடின உழைப்பில்லாத சிறை), அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது.

பெரும்பாலும் சிக்கல் வருவது சாதி கடந்த குடும்பங்களில். தாய் ஒரு சமூகம், தந்தை வேறு. ஒரு பக்கம் இந்த வழக்கம் உண்டு, மறுபக்கம் இல்லை. வாரிசுரிமையில் நிலைமை வேறு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் தான் பேசும் விஷயங்களில் நூலையும் வழக்கத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டது. தமிழ்நாடு 1989-லும் நாடாளுமன்றம் 2005-லும் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தன. அப்படித் தந்த 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும், 'மிதாட்சரச் சட்டத்துக்கு உட்பட்ட கூட்டுக்குடும்பம்' என்றுதான் தொடங்குகிறது.